அலி – டைசன்: முதலில் நடுவர் யாரென்று சொல்லுங்கள்

1966 நவம்பர் 14 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் முகமது அலி கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்தபோது, மைக் டைசன் புரூக்ளினில் நாலரை மாதக் கைக்குழந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து 1988 ஜூன் 27 அன்று அட்லாண்டிக் சிட்டியில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் படுக்கவைத்தபோது அலிக்கு 46 வயது. பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் சொல்லி நாலு வருஷம் ஆகியிருந்தது. இந்த இரண்டு இரவுகளுக்கும் நடுவில் இருக்கும் வருஷங்களை அழித்துவிட்டு, அந்த அலியையும் இந்த டைசனையும் ஒரே ரிங்கில் ஏற்றினால் யார் ஜெயிப்பார்கள்?

இதற்கு எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கிறது. அலி பக்கம் நிற்பவர்கள் அவருடைய கால்களையும் ஜாப்பையும் (முன்னால் நிற்கும் கையால் சட்டென்று அடிக்கும் நேர்க்குத்து) சொல்வார்கள். டைசன் பக்கம் நிற்பவர்கள் "முதல் ரெண்டு ரவுண்டைத் தாண்டட்டும், அப்புறம் பேசலாம்" என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ரிங்கில் மூன்றாவதாக ஒருவர் நிற்கிறாரே, அவரைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. இந்தச் சண்டையில் எனக்கு அவர்தான் முக்கியம். நடுவர் யாரென்று தெரிந்தால்தான் நான் ஜெயிக்கிற ஆளைச் சொல்ல முடியும்.

முதலில் அளவுகள். அலி 6 அடி 3 அங்குலம். இரு கைகளையும் விரித்தால் 78 அங்குலம். டைசன் 5 அடி 10 அங்குலம். கைகளை விரித்தால் 71. ஆனால் வில்லியம்ஸ் சண்டைக்கு எடை பார்த்தபோது அலி சுமார் 96 கிலோ, ஸ்பிங்க்ஸ் சண்டைக்கு டைசன் 99 கிலோ. ஐந்து அங்குலம் குள்ளமானவர் மூன்று கிலோ கூடுதல். அந்த எடை முழுக்க கழுத்திலும் தோளிலும் தொடையிலும் இருந்தது. பழைய படங்களில் டைசனின் கழுத்தைப் பாருங்கள், எங்கே முடிந்து எங்கே தோள் தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

வில்லியம்ஸ் சண்டையின் அலியைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது எனக்குப் பிடித்த காரியங்களில் ஒன்று. கைகள் இடுப்பருகே தொங்குகின்றன. வில்லியம்ஸின் குத்து வருகிறது. அலி கையைத் தூக்கித் தடுப்பதில்லை, முகத்தை மட்டும் பின்னால் இழுக்கிறார். குத்து மூக்குக்கு முன்னால் ஓர் அங்குலத்தில் தீர்ந்துபோகிறது. அது திரும்பிப் போவதற்குள் அலியின் இடதுகை இரண்டு முறை போய்த் தொட்டுவிட்டு வந்துவிடுகிறது. கனரக எடைப்பிரிவில் அவருக்கு முன்னாலும் பின்னாலும் இப்படி நகர்ந்தவர் இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் முகத்தைப் பின்னால் இழுக்கும் இந்தப் பழக்கத்தில் ஓர் ஓட்டை உண்டு. ஜாப்புக்கும் வலதுகை நேர்க்குத்துக்கும் அது நல்ல மருந்து. பக்கவாட்டில் வளைந்து வரும் இடதுகை ஹூக்குக்கு மருந்தே இல்லை. 1962இல் சானி பேங்க்ஸ், 1963இல் ஹென்றி கூப்பர், 1971இல் ஜோ ஃப்ரேசியர் என்று அலியைக் கீழே விழவைத்த குத்துகளைப் பாருங்கள், எல்லாமே இடதுகை ஹூக். அதிலும் லண்டன் வெம்பிளியில் கூப்பர் அடித்தது நாலாவது ரவுண்டின் கடைசி நொடிகளில். மணி அடித்துக் காப்பாற்றியது. கூப்பர் வெறும் 84 கிலோ. அதே குத்து 99 கிலோ ஆளிடமிருந்து, அதுவும் ரவுண்டின் நடுவில் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் டைசன் பக்கத்தின் மொத்த வாதமும். நியாயமான வாதம்தான்.

டைசனிடம் அந்த ஹூக் எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் கேட்ஸ்கில் என்ற சிற்றூரில் வயதான கஸ் டமாட்டோ அவரைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தார். இரண்டு கைகளும் கன்னத்தில் ஒட்டியிருக்க வேண்டும், தலை ஒரு நொடி கூட ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, எதிராளியின் குத்துக்கு விலகுகிற அசைவே உன் குத்துக்கான தொடக்கமாக இருக்க வேண்டும். இதுதான் அவருடைய பாடம். தாடை, விலா, கல்லீரல் என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் வைத்து, மூலையிலிருந்து எண்களைச் சொல்லச் சொல்ல டைசன் அந்தந்த இடத்தில் அடித்துப் பழகினார். டமாட்டோ 1985 நவம்பரில் இறந்துபோனார். ஓராண்டு கழித்து, 20 வயதில், டைசன் உலகச் சாம்பியன் ஆனார்.

அந்த இரவு அதுவரை சாம்பியனாக இருந்த டிரெவர் பெர்பிக் விழுந்த விதத்தை மறக்க முடியாது. இரண்டாவது ரவுண்டு. நெற்றிப்பொட்டில் ஓர் இடதுகை ஹூக், அவ்வளவுதான். பெர்பிக் விழுந்தார், எழுந்தார், கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காமல் தடுமாறி மறுபடி விழுந்தார், மறுபடி எழப் பார்த்து ரிங்கின் அந்தப் பக்கம் போய் மூன்றாவது முறை சரிந்தார். ஒரே குத்துக்கு மூன்று வீழ்ச்சி. நடுவர் மில்ஸ் லேன் அவரைக் கட்டிப்பிடித்துச் சண்டையை நிறுத்தினார். இதே பெர்பிக்தான் 1981 டிசம்பரில் பஹாமாஸில் அலியைக் கடைசியாகத் தோற்கடித்தவர். 1980இல் அலியை அடித்து உட்காரவைத்த லாரி ஹோம்ஸையும் டைசன் 1988 ஜனவரியில் நாலாவது ரவுண்டில் முடித்தார். இந்தப் பொது எதிராளிகளை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் உண்டு. இவர்கள் அலியிடம் வந்தபோது அலி முடிந்துபோயிருந்தார், டைசனிடம் வந்தபோது ஹோம்ஸுக்கு 38 வயது. இதிலிருந்து தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

அதேபோல் டோக்கியோவையும் நான் சாட்சிக்கு அழைக்கப்போவதில்லை. 1990 பிப்ரவரியில் அங்கே பஸ்டர் டக்ளஸ் டைசனைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தியதைச் சொல்லி, "உயரமான ஆள், நல்ல ஜாப், அவ்வளவுதான் டைசன்" என்பது அலி ரசிகர்களின் வழக்கமான முடிப்பு. அது நியாயமில்லை. 1988 கடைசியில் பயிற்சியாளர் கெவின் ரூனியை அனுப்பிய பிறகு டைசனின் தலை அசைவதே குறைந்துவிட்டது. நாம் பேசுவது ஸ்பிங்க்ஸை அடித்த டைசனைப் பற்றி. அவரைப் புரிந்துகொள்ள அவருடைய நல்ல நாட்களே போதும்.

1986 மே மாதம் ஜேம்ஸ் டில்லிஸ் பத்து ரவுண்டும் நின்றார். நாலாவதில் ஒரு முறை விழுந்தும், இரண்டு நீதிபதிகளின் கணக்கில் 6-4 என்ற அளவுக்கு நெருங்கினார். அதே மாதம் மிட்ச் கிரீனும் பத்து ரவுண்டு தாக்குப்பிடித்தார். 1987 மார்ச்சில் போன்கிரஷர் ஸ்மித் பன்னிரண்டு ரவுண்டு. ஆகஸ்டில் டோனி டக்கர் பன்னிரண்டு ரவுண்டு, அதில் முதல் ரவுண்டிலேயே கீழிருந்து மேலாக வரும் ஓர் அப்பர்கட் குத்தால் டைசனின் தலையைப் பின்னால் தள்ளினார். இவர்களில் யாரும் அலி கிடையாது. ஒருவரும் ஜெயிக்கவும் இல்லை. ஆனால் அவர்கள் முழு நேரமும் நின்றது எப்படி என்று பார்த்தால் ஒரு பொதுவான விஷயம் தெரியும். டைசன் நெருங்கியதும் கட்டிப்பிடித்தார்கள். டில்லிஸ் நிறைய நகர்ந்தார், டக்கரிடம் நல்ல ஜாப் இருந்தது, ஆனால் எல்லோரிடமும் இருந்தது கட்டிப்பிடி.

இரண்டு பேரும் முட்டிக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தைத்தான் தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடுகிறார்கள். அப்போது வர்ணனையாளர்களும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். நான் வடசென்னையில் ஒரு சின்ன கிளப்பில் கொஞ்ச காலம் பயிற்சி எடுத்தவன். போட்டிக்குப் போகும் அளவுக்கெல்லாம் இல்லை. ஆனால் என்னைவிட உயரமான ஒருவரோடு பழகும்போது அவர் தன் கையுறையை என் பிடரியில் போட்டுக் கீழே அழுத்துவார். குத்து ஒன்றும் இல்லை. வலி கூட இல்லை. அரிசி மூட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நிமிரப் பார்ப்பது போல இருக்கும். நிமிர்வதற்குத் தொடையும் இடுப்பும் வேலை செய்ய வேண்டும், அதற்குள் அவர் விட்டுவிட்டு ஓரடி தள்ளிப் போய்விடுவார். நாலைந்து முறை இப்படி நடந்தால் அடுத்த முறை உள்ளே போவதற்குக் கால் யோசிக்கும். குள்ளமான ஆளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

இதில் அலிக்கு இணையாக யாரையும் நான் பார்த்ததில்லை. 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை அவர் கயிற்றில் சாய்ந்துகொண்டு அடிவாங்கிக் களைக்கவைத்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, அதுவும் நடந்தது. ஆனால் படத்தைத் திரும்பப் பாருங்கள். ஒவ்வொரு முறை ஃபோர்மன் நெருங்கும்போதும் அலியின் கையுறை அவர் பிடரிக்குப் போகிறது, தலையைக் கீழே இழுக்கிறது. ஃபோர்மனின் முகம் அலியின் மார்புக்கு நேராகக் குனிந்து நிற்கிறது. ஃபோர்மன் 6 அடி 3 அங்குலத்துக்கு மேல். அவருக்கே அந்தக் கதி என்றால் 5 அடி 10 அங்குல டைசனை யோசித்துப் பாருங்கள்.

இப்போது நடுவருக்கு வருகிறேன். பிடரியைப் பிடித்து அழுத்துவது விதிப்படி தவறு. ஆனால் அது தவறாவது நடுவர் அதைத் தவறென்று நடத்தினால்தான். அலி–ஃப்ரேசியர் சண்டைகளே இதற்கு நல்ல பாடம். 1974 ஜனவரியில் நடந்த இரண்டாவது சண்டையில் நடுவர் டோனி பெரெஸ். அலி பன்னிரண்டு ரவுண்டும் ஃப்ரேசியரைக் கட்டிக்கட்டிப் பிடித்தார். பெரெஸ் பிரித்துவிட்டாரே தவிரப் புள்ளி குறைக்கவில்லை. அலி புள்ளிக்கணக்கில் ஜெயித்தார். அடுத்த ஆண்டு மணிலாவில் மூன்றாவது சண்டை. இந்த முறை ஃப்ரேசியரின் பயிற்சியாளர் எட்டி ஃபுட்ச் நடுவர் விஷயத்தில் விடாப்பிடியாக நின்றார். கடைசியில் அந்த ஊர்க்காரரான கார்லோஸ் படில்லா வந்தார். அலியின் கை ஃப்ரேசியரின் பிடரிக்குப் போனதும் படில்லா தட்டிவிட்டார், திரும்பத் திரும்ப எச்சரித்தார். கட்டிப்பிடிக்க வழியில்லாத அலி நடு ரவுண்டுகளில் கயிற்றோரம் நின்று விலாவில் வாங்கிய அடிகள் அவர் வாழ்க்கையிலேயே மோசமானவை. பதினாலாவது ரவுண்டு முடிந்ததும் ஃபுட்ச் தன் ஆளை நிறுத்தியதால்தான் அது முடிந்தது. அதே இரண்டு பேர், 20 மாத இடைவெளி. வயதும் சூடும் ஒரு காரணம்தான். ஆனால் நடுவரின் கை அங்கே செய்த வேலையைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஃபுட்சை நான் மிகவும் மதிப்பது இதற்காகத்தான். சண்டை தொடங்குவதற்கு முன்னாலேயே அது எங்கே தீர்மானமாகும் என்று பார்த்தவர் அவர்.

இங்கே ஒரு நேர்மையான கேள்வி எழும். பிடரியைப் பிடிக்கும் அலி 1974இன் அலி. காலில் சிறகு கட்டியது போல் நகர்ந்த அலி 1966இன் அலி. 1967 ஏப்ரலில் ராணுவத்தில் சேர மறுத்ததால் மூன்றரை வருஷம் ரிங்குக்கு வெளியே நின்றுவிட்டு, 1970 அக்டோபரில் திரும்பி வந்தபோது அந்தப் பழைய கால்கள் வரவில்லை. அதனால்தான் அவர் கட்டிப்பிடிக்கக் கற்றுக்கொண்டார். இளமையின் காலையும் முதுமையின் தந்திரத்தையும் ஒட்டவைத்து ஒருவரைச் செய்து டைசன் முன்னால் நிறுத்துவது மோசடி இல்லையா? மோசடிதான். அலி ரசிகர்கள் இதைச் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள்.

ஆனாலும் இளம் அலிக்கு இந்த வித்தை அடியோடு தெரியாது என்று சொல்ல முடியாது. 1964இல் சானி லிஸ்டனோடு மோதியபோது ஐந்தாவது ரவுண்டில் கண் எரிந்து எதுவும் தெரியாமல் போனது. இடதுகையை நீட்டி லிஸ்டனின் முகத்தில் வைத்துக்கொண்டு சுற்றிச்சுற்றியே அந்த ரவுண்டைக் கடந்தார். அப்போது அவருக்கு 22 வயது. டைசனைப் போன்ற ஆள் எதிரில் வந்தால் தேவை கற்றுக்கொடுத்திருக்கும் என்று நான் நம்புகிறேன். 1974 அளவுக்கு இல்லாவிட்டாலும் பாதியாவது.

கற்பனைச் சண்டைகளுக்கு நிபந்தனை எவ்வளவு முக்கியம் என்பது அலிக்கே தெரியும். 1967இல் ஒரு வானொலி நிகழ்ச்சியில் கணினியை வைத்து வெவ்வேறு காலத்துச் சாம்பியன்களை மோதவிட்டபோது, அவர் ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக முடிவு வந்தது. கோபப்பட்டு வழக்குப் போட்டார். அதன் சமரசமாக 1969இல் அவரும் ஓய்வுபெற்ற சாம்பியன் ராக்கி மார்சியானோவும் மயாமியில் ஒரு மூடிய அறையில் கேமரா முன்னால் 70 ரவுண்டுக்கு மேல் பொய்க்குத்து குத்தினார்கள். மார்சியானோ அதற்காக இருபது கிலோவுக்கு மேல் இளைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டார். படம் வெளியாகும் முன்பே விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ பதின்மூன்றாவது ரவுண்டில் ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார். ஒரே சண்டைக்கு இரண்டு முடிவு.

சென்னையில் இந்தப் பேச்சு வந்தால் அலிக்குத்தான் ஓட்டு அதிகம் விழும். 1980 தொடக்கத்தில் அவர் இங்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடியதும் எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றதும் இன்னும் பேசப்படுகிறது. அந்தப் பிரியம் எனக்கும் உண்டு. டைசனும் அலியைத் தன்னைவிடப் பெரியவர் என்றே பல முறை சொல்லியிருக்கிறார். ஆனால் மூத்தவர் மேல் இருக்கும் மரியாதை ரிங்குக்குள் செல்லாது.

சண்டைக்கு வருவோம். டைசன் காலத்து விதி, பன்னிரண்டு ரவுண்டு. அலி காலத்துப் பதினைந்து ரவுண்டு என்றால் கடைசி மூன்று அலிக்குத்தான் போகும், அதனால் டைசனுக்குச் சாதகமானதை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் ரவுண்டில் அலி ஜாப் அடித்து இடப்பக்கமாகச் சுற்றுவார். டைசன் இரண்டு ஜாப்பை விலக்கி மூன்றாவதில் உள்ளே வருவார். விலாவில் ஒரு வலதுகை, உடனே மேலே இடதுகை ஹூக். முதல் நாலு ரவுண்டில் அலி ஒரு முறை விழுவார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விழுந்தால் எழுவாரா? ஃப்ரேசியரின் ஹூக்குக்குப் பதினைந்தாவது ரவுண்டில் விழுந்து, களைத்த உடம்போடு உடனே எழுந்து நின்றவர். எழுவார். எழுந்ததும் செய்கிற முதல் காரியம் கட்டிப்பிடிப்பதுதான். நாலு ரவுண்டில் மூன்று டைசனுக்கு.

ஐந்தாவதிலிருந்து டைசன் ஒவ்வொரு குத்தாகத் தேட ஆரம்பிப்பார். ஸ்மித்தோடும் டக்கரோடும் இதுதான் நடந்தது. முதலில் ஐந்தாறு குத்து சேர்ந்து வரும், நேரம் போகப்போக ஒன்று அடித்துவிட்டு நிற்பார். தலை அசைவு குறையும். அலிக்கு இங்கே ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. குனிந்து வரும் ஆளுக்குச் சரியான ஆயுதம் அப்பர்கட். அலி அதை அரிதாகவே அடித்தார், உடம்பில் அடிப்பதையும் பெரிதாக விரும்பியதில்லை. அதனால் அவரால் டைசனை நிறுத்த முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஜாப் விழும். கின்ஷாசாவில் ஃபோர்மனைத் திகைக்கவைத்த, முன்னறிவிப்பே இல்லாத வலதுகைக் குத்தும் விழும். டைசனின் இடது கண் வீங்கும். கடைசி எட்டு ரவுண்டில் ஆறு அலிக்கு, இரண்டு டைசனுக்கு.

மொத்தம் ஏழு ரவுண்டு அலிக்கு, ஐந்து டைசனுக்கு, ஒரு வீழ்ச்சிக்கு அலிக்கு ஒரு புள்ளி குறைவு. ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்று கூட்டிப் பார்த்தால் 114-113, அலி வெற்றி.

இதில்தான் நடுவர் வருகிறார். பெரெஸ் என்றால் கணக்கு அப்படியே நிற்கும். படில்லா போன்றவர் வந்து பிடரிப் பிடிக்கு ஒரே ஒரு புள்ளி குறைத்தால் 113-113, சமன். மில்ஸ் லேன் வந்தால்? 1987 மார்ச்சில் டைசனைக் கட்டிப்பிடித்ததற்காக ஸ்மித்துக்கு அவர் இரண்டு புள்ளி குறைத்தார். அதே அளவுகோல் என்றால் 113-112, டைசன் சாம்பியன்.

என் சண்டைக்கு நான் அழைப்பது ஆர்தர் மெர்கான்டேயை. 1971இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அலி–ஃப்ரேசியர் முதல் சண்டையை நடத்தியவர். இருவரும் ஒட்டிக்கொண்டால் சீக்கிரம் பிரிப்பார், எச்சரிப்பார், ஆனால் புள்ளியில் கை வைக்கத் தயங்குவார். அவர் இருக்கும்போது அலியால் ஒவ்வொரு முறையும் ஒரு நொடிதான் பிடிக்க முடியும். அந்த ஒரு நொடி அவருக்குப் போதும் என்று நினைக்கிறேன். 114-113, அலி.